கலையாத ஆயம்

சங்க இலக்கியம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் சொற்களுள் ஆயம் என்பதும் ஒன்று. தலைவியோடு உடன் வளர்ந்து, உடன் ஆடி, அவளுடைய மகிழ்ச்சியிலும் கவலையிலும் பங்குகொள்ளும் தோழியர் கூட்டத்திற்கு அது பெயர். தினைப்புனம் காக்கும்போதும் சுனையில் ஆடும்போதும் தழையாடை தொடுக்கும்போதும் ஆயம் அவளைச் சூழ்ந்திருக்கிறது. தலைவி தலைவனோடு உடன்போக்கில் சென்றுவிட்டால், பெற்ற தாயும் செவிலித்தாயும் அழுவதோடு ஆயமும் வருந்துகிறது. அந்த வருத்தத்திற்கு மாற்று இல்லை. ஏனெனில், ஆயம் மணமாகாப் பருவத்திற்கே உரியது. ஒருத்திக்கு மணமானால் அவள் அதனை நீங்குகிறாள். எல்லாருக்கும் மணமானால் ஆயமே இல்லாது போகிறது.

உலகின் பெரும்பாலான சமுதாயங்களில் இளையோர் தோழமை இத்தகையதே. குடும்பத்தில் பிறந்து குடும்பம் அமைக்கும் வரையுள்ள இடைவெளியில் ஒதுங்கி நிற்கும் நிழலாகவே அதனைப் பெரியோர் கருதினர். ஆனால், கலைய மறுத்த ஆயம் ஒன்று இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் கண்ணெதிரே, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் வாழ்ந்து மறைந்தது. வெண்ணிறச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, கூந்தலை வழுவழுப்பாக வாரிப் பின்னால் முடிந்துகொண்டு, செல்வர் வீட்டுக் குழந்தையை இடுப்பிலும் சந்தைக் கூடையைக் கையிலும் சுமந்து சென்ற கண்டோனீயப் பணிப்பெண்களே அவர்கள். ஆங்கிலேயர் அவர்களை 'அமா' என்றழைத்தனர். சீனர் 'மா ஜே' என்றனர். அவர்களை நன்கு தெரிந்தவர்கள்கூட வேலைக்காரிகளாகவே தெரிந்துகொண்டனர். அவர்கள் வேலை முடிந்து எங்கே சென்றனர், யாரோடு இருந்தனர், நோயுற்றால் யார் கஞ்சி காய்ச்சித் தந்தனர் என்பதைக் கேட்டவர் சிலரே.

அவர்களைக் கட்டடத் தொழிலில் மண்ணும் கல்லும் சுமந்த சாம்சுய் பெண்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டு. சிவப்புத் தலைத்துணி அணிந்த சாம்சுய் பெண்கள் வேறு மாவட்டத்தினர். அவர்களுள் மணமானவரும் கைம்பெண்களும் பலர். அமாக்களில் பெரும் பகுதியினரோ மணமே வேண்டாவென்று தெய்வத்தின் முன் உறுதி கூறியவர்கள். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவர்கள் பிறந்த மண்ணுக்குச் செல்ல வேண்டும்.

தென் சீனத்தில் குவாங்தோங் மாநிலத்தில் முத்தாறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில் சுண் தாக், நாம் ஹோய், பூன் யூ முதலிய மாவட்டங்கள் பட்டுத்தொழிலால் பெயர்பெற்றவை. குளம் வெட்டி மீன் வளர்ப்பர். குளத்தின் கரையில் முசுக்கட்டைச் செடி நடுவர். அதன் தழையைப் பட்டுப்புழு தின்னும். புழுவின் கழிவு மீனுக்கு இரையாகும். குளத்துச் சேறு செடிக்கு உரமாகும். ஒன்று மற்றொன்றைத் தாங்கும் அந்த வேளாண்மையில் பெண்களின் உழைப்புக்கு மிகுந்த தேவையிருந்தது. நெல் விளையும் ஊரில் மகளைச் செலவு என்று எண்ணிய தகப்பன், பட்டு விளையும் ஊரில் அவளை வரவு என்று எண்ணக் கற்றுக்கொண்டான்.

அவ்வூர்களில் பருவமடைந்த பெண்கள் இரவில் பெற்றோர் வீட்டில் உறங்குவதில்லை. 'பெண்பிள்ளைகள் வீடு' என்று ஒன்று இருக்கும். அண்டையிலுள்ள பெண்கள் ஏழெட்டுப் பேர் அதில் கூடிப் பூத்தையல் தைப்பர், பாட்டுக் கற்பர், எழுத்தறிந்தவள் கதைப்பாட்டு நூலைப் படிக்க மற்றவர்கள் கேட்பர். மணமான பின்னும் உடனே கணவன் வீட்டிற்குச் சென்று வாழ்வது அங்கு வழக்கமன்று. மணம் முடிந்த மூன்றாம் நாள் மகள் பிறந்தகம் திரும்புவாள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பண்டிகை நாள்களில் மட்டும் கணவன் வீடு சென்று வருவாள். ஆகவே, மணமும் தோழமையும் அங்கு முதலிலிருந்தே இழுபறியில் இருந்தன எனலாம். மாமியார் ஊரில் முன்பின் அறியாதவர் நடுவே தனித்து நிற்பதைக் காட்டிலும் தன் தோழியரோடு இருப்பதே நலம் என்னும் எண்ணம் அப்பெண்களின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

அந்த எண்ணத்திற்குக் கையில் காசு கொடுத்தது நீராவி இயந்திரம். அன்னாமில் வணிகம் செய்து திரும்பிய சென் சீயுவான் என்பவர் 1870களின் தொடக்கத்தில் நாம் ஹோய் மாவட்டத்தில் தம் சொந்த ஊரில் நீராவியால் இயங்கும் பட்டிழை ஆலையை நிறுவினார். தொடர்ந்து கழிமுகமெங்கும் ஆலைகள் எழுந்தன. கொதிநீர்த் தொட்டியிலிட்ட பட்டுக்கூட்டிலிருந்து மெல்லிய இழையை அறுபடாமல் பிரித்தெடுக்கும் வேலைக்கு இளம்பெண்களின் விரல்களே ஏற்றவை என்று ஆலையினர் கண்டனர். குழந்தைக்குப் பாலூட்ட ஓட வேண்டியவளைவிட மணமாகாதவளே அவர்களுக்கு வேண்டியவள். இவ்வாறு வீட்டுக்குள் தைத்துக்கொண்டிருந்த ஆயம் ஆலைக்குள் வரிசையாக அமர்ந்தது. மாத முடிவில் ஒவ்வொருத்தியின் கையிலும் கூலி விழுந்தது.

கூலி பெற்ற பெண்ணுக்கு மணத்தைத் தள்ளிப்போட முடிந்தது. சிலருக்குத் தவிர்க்கவும் முடிந்தது. மணமான சிலர் தம் வருவாயைக் கொண்டு கணவனுக்கு இரண்டாம் மனைவியைத் தேடிக் கொடுத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டனர். மற்றவர்கள் மேற்கொண்டதே 'சோர் ஹேய்' என்னும் சடங்கு. சொல்லின் பொருள் 'மேலே வாரி முடித்தல்' என்பதாகும். அந்நாட்டில் கன்னிப்பெண் கூந்தலைப் பின்னித் தொங்கவிடுவாள். மணப்பெண்ணுக்கே அதனை வாரிக் கொண்டையிடுவர். மணமகன் இல்லாமலே அந்தக் கொண்டையை முடிந்துகொள்வதுதான் சோர் ஹேய். நல்ல நாள் பார்ப்பர். புத்தாடை உடுத்து, குவான் யின் தேவியின் திருவுருவின் முன் மண்டியிட்டிருக்கும் பெண்ணின் கூந்தலை, முன்னரே அவ்வாறு உறுதி பூண்ட மூத்தவள் ஒருத்தி வாழ்த்துப்பாடல் சொல்லி வாரி முடிப்பாள். பெண் தன் உறுதியைக் கூறுவாள். பின்னர் உறவினரும் தோழியரும் கூடி விருந்துண்பர். மணவீட்டின் முறைகளுள் பல அதில் இருந்தன. மணமகன் ஒருவன்தான் இல்லை.

அந்த நாள் முதல் பெற்றோர் அவளை யாருக்கும் மணமுடித்துக் கொடுக்க இயலாது. அவளும் சொல் மீறலாகாது. மீறியவளை ஊர் மன்னிப்பதில்லை. பெற்றோர் இதற்கு உடன்பட்டதற்கு மகளின் கூலி மட்டும் காரணமன்று. மூத்தவள் மணமாகாதிருக்கும்போது இளையவர்க்கு மணம் பேசுதல் முறையன்று என்பது அவர்கள் வழக்கம். மூத்தவள் சோர் ஹேய் செய்துகொண்டால் அந்தத் தடை நீங்கிவிடும். தம்பிக்குப் பெண் பார்க்கலாம். அதற்கான செலவையும் அவளே ஏற்பாள்.

குவான் யின் தேவியின் கதையும் அவர்களுக்குத் துணை நின்றது. அரசன் மகளாகிய மியாவ் சான் தந்தை பேசிய மணத்தை மறுத்துத் துன்பங்கள் பல பட்டு அருள்நிலை எய்தியதைக் கூறும் அக்கதையைப் பெண்பிள்ளைகள் வீட்டில் அவர்கள் மீண்டும் மீண்டும் படித்தனர். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் யின் கோவிலும் கிருஷ்ணன் கோவிலும் அடுத்தடுத்து நிற்பதை நாம் அறிவோம். முன்னதற்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பின்னதற்கும் ஏற்றிச் செல்லும் சீனப் பெண்மணிகளை அங்கு இன்றும் காணலாம். தமிழ் மாணவருக்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், மணிமேகலை உலகப் பற்றை நீத்துத் துறவு பூண்டவள். சோர் ஹேய் மகளிர் உலகத்தை நீக்கவில்லை. உழைத்தனர், பொருளீட்டினர், கடன் கொடுத்தனர், கடன் பட்டனர், நல்ல மீனை விலை பேசி வாங்கினர். அவர்கள் நீக்கியது மணம் ஒன்றையே. ஆதலின் அவர்களைத் துறவியர் என்று எழுதுவோர் பாதி உண்மையையே எழுதுகின்றனர்.

இந்த உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. சீன மரபில் இறந்தவரின் பெயர் எழுதிய மரப்பலகையை வீட்டு மாடத்தில் வைத்து வழிபடுவர். மணமான பெண்ணின் பலகை கணவன் வீட்டில் இருக்கும். மணமாகாதவளுக்குத் தந்தை வீட்டு மாடத்தில் இடமில்லை. அவள் அவ்வீட்டில் உயிர் விடுவதும் ஆகாது என்று கருதினர். எனவே, கூலி வாங்கத் தொடங்கிய இருபது வயதிலேயே ஒருத்தி தான் எங்கே சாவது, தனக்குப் பின் யார் படையலிடுவது என்று எண்ணியாக வேண்டியிருந்தது. நம் இளைஞர் எவரும் அந்த வயதில் எண்ணாத பொருள் அது. தோழியர் சிலர் கூடிப் பணம் சேர்த்து முதிர்கன்னியர் இல்லங்கள் கட்டியதும், உடன்பிறவாச் சகோதரியராகத் தம்முள் உறுதிமொழி செய்துகொண்டதும் இதன் பொருட்டே. தோழமை அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஈமக்கடன் வரையிலான ஏற்பாடாக இருந்தது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பட்டுச் சந்தையைச் சாய்த்தது. சப்பானியப் பட்டின் போட்டியும் செயற்கைப் பட்டின் வரவும் அதனோடு சேர்ந்தன. 1930களின் தொடக்கத்தில் கழிமுகத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. முசுக்கட்டைத் தோட்டங்களைப் பிடுங்கிக் கரும்பு நட்ட ஊர்களும் உண்டு. கொண்டையிட்ட மகளிர் திரும்பிப் பெற்றோர் வீடு புகவும் இயலாது, மணம் செய்துகொள்ளவும் இயலாது. கப்பலேறுவதே வழியாயிற்று. ஹாங்காங் சென்றோர் பலர். தென்கடல் நாடுகளுக்கு வந்தோர் பலர்.

அவர்கள் மலாயாவுக்கு வரக் கதவு திறந்திருந்ததற்கு விந்தையான காரணம் ஒன்று உண்டு. ஈயமும் இரப்பரும் விலை வீழ்ந்து வேலையின்மை பெருகியதால், 1930 முதல் சீன ஆண்களின் வருகைக்கு மாதந்தோறும் அளவு விதிக்கப்பட்டது. 1933இல் அந்நியர் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. பெண்களுக்கு அந்த அளவு விதிக்கப்படவில்லை; குடியேறிய சீனரிடையே பெண்கள் மிகக் குறைவாயிருந்ததே அதற்குக் காரணம். ஆண்களுக்குரிய பயணச்சீட்டுகள் அரிதாகி விலை ஏறின. அவற்றுள் ஒன்று வேண்டுமானால் அளவுக்குட்படாத சீட்டுகள் மூன்று நான்கை வாங்கியாக வேண்டும் என்று கப்பல் நிறுவனத்தார் தரகரைக் கட்டாயப்படுத்தினர். அந்தச் சீட்டுகளுக்கு ஆள் தேடிய தரகர் பெண்களை நாடி ஊர் ஊராகச் சென்றனர். 1934 முதல் 1938 வரை மலாயாவுக்கு வந்திறங்கிய சீனப் பெண்கள் ஏறத்தாழ 1,90,000 பேர் என்று குடியேற்ற வரலாற்றில் கணக்குக் காணப்படுகிறது. அவர்கள் எல்லாரும் அமாக்கள் அல்லர். எல்லாரும் மணமாகாதவரும் அல்லர். எனினும், ஐரோப்பியர் வீடுகளில் அதுவரை ஹைனானிய ஆண்கள் பார்த்துவந்த வேலைகள் பல கண்டோனீயப் பெண்களின் கைக்கு மாறியது அந்த ஆண்டுகளிலேதான்.

தனித்து வந்த இளம்பெண்ணைத் துறைமுகத்திலேயே வலைவீசிப் பிடிக்கும் கயவர் இருந்த காலம் அது. விலைமகளிர் விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களைக் காப்பதற்கென்றே சிங்கப்பூரில் 1888ஆம் ஆண்டு முதல் போ லியோங் குக் என்னும் காப்பகம் நடந்துவந்தது என்றால் நிலைமையை ஊகிக்கலாம். சோர் ஹேய் மகளிர் அந்த வலையில் சிக்குவது எளிதாக இல்லை. அவர்கள் தனித்து வரவில்லை. ஒரே ஊர்ப் பெண்கள் இருவர் மூவராகக் கப்பலேறினர். முன்னே வந்தவள் பின்னே வருபவளை எதிர்கொண்டு அழைத்துச் சென்றாள். அழைத்துச் சென்ற இடம்தான் 'கொங்சி பாங்'.

கொங்சி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பலர் பங்கு சேர்ந்து நடத்தும் கூட்டை அது குறிக்கும். மலாய்மொழியிலும் புகுந்து, தொழிலாளர் கூடிக் குடியிருக்கும் கொட்டகைக்கும் பெயராகி, தோட்டப்புறத் தமிழர் நாவிலும் வழங்குகிறது. பாங் என்றால் அறை. தோழியர் சிலர் சேர்ந்து சைனாடவுன் கடைவீடு ஒன்றின் மாடியில் அறையொன்றை வாடகைக்கு எடுப்பர். வாடகையைச் சமமாகப் பங்கிடுவர். ஒவ்வொருத்திக்கும் ஒரு படுக்கையிடம், ஒரு மரப்பெட்டி, சுவரில் ஓர் ஆணி. மூலையில் குவான் யின் படமும் ஊதுபத்திக் கிண்ணமும் இருக்கும். 1950களின் நடுவில் பாரிங்டன் கே என்னும் அறிஞர் சிங்கப்பூரின் அப்பர் நான்கின் தெருவை வீடு வீடாக ஆராய்ந்து நூலொன்று எழுதினார். சாளரமில்லாத தட்டி அறைகளில் குடும்பங்கள் நெருக்குண்டு கிடந்த நிலையை அதில் காணலாம். அமாக்களின் அறைகளும் அத்தகைய கட்டடங்களிலேதான் இருந்தன.

வேலை செய்யும் வீட்டிலேயே உண்டு உறங்க இடம் இருக்கும்போது எதற்காக இந்த அறைக்கு மாதந்தோறும் காசு கொடுத்தனர்? இந்த வினாவிற்கு விடை காண்பவர் அமாக்களின் வரலாற்றையே கண்டவராவர். முதலாளி வீட்டில் உள்ள அறை, வேலை உள்ளவரைதான் அவளுக்கு உரியது. கொங்சி அறை அவளுக்கே உரியது. ஓய்வுநாளில் அங்கே வந்து காலணியைக் கழற்றிவிட்டு ஊர்ப்பேச்சுப் பேசலாம். வேலை போனால் அங்கே வந்து தங்கலாம். காய்ச்சல் கண்டால் அங்கே வந்து படுக்கலாம்; அன்று வேலை இல்லாதவள் பார்த்துக்கொள்வாள். அந்த அறை ஒன்று இருந்ததனால்தான், தகாத சொல் சொன்ன வீட்டுத் தலைவியிடம் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடைபெற அவளால் முடிந்தது. போக்கிடம் இல்லாத பணிப்பெண் பொறுத்துப் போவாள். போக்கிடம் உள்ளவள் பொறுக்க வேண்டியதில்லை. அமாக்களின் பெருமிதத்தைப் பற்றி அக்கால ஆங்கிலேயர் பலர் வியந்தும் நொந்தும் எழுதியுள்ளனர். அப்பெருமிதத்தின் அடித்தளம் மாடியறை வாடகையில் அவள் செலுத்திய பங்கு என்பதை அவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.

வேலை தேடித் தருவதும் அந்த அறையே. எந்த வீட்டில் ஆள் வேண்டும், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தத் தலைவி மீதிச் சோற்றை அளந்து பார்ப்பாள் என்னும் செய்திகள் எல்லாம் அங்கே குவிந்தன. சமையல், துவையல், குழந்தை வளர்ப்பு என்று தனித்தனியே ஆள் வைத்த பெரிய மனைகளும் உண்டு. எல்லா வேலையையும் ஒருத்தியே செய்ய வேண்டிய வீடுகளும் உண்டு. பின்னதை அவர்கள் 'ஒரே உதை' என்று பொருள்படும் 'யாட் கியோக் தெக்' என்னும் சொல்லால் குறித்தனர். ஒருத்தி ஊருக்குப் போக விரும்பினால் தன் தோழியைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போவாள்; திரும்பியதும் இடத்தைப் பெற்றுக்கொள்வாள். கெட்ட பெயர் எடுத்த வீட்டிற்கு ஆள் கிடைப்பது அரிதாகும். சங்கம் என்று பதிவு செய்யாமல், கொடி பிடிக்காமல், தொழிற்சங்கத்தின் பணியில் ஒரு பாதியை அத்தோழமைக் குழுக்கள் செய்தன.

பணம் பற்றி அவர்கள் காட்டிய ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. நம்மவர் பிடிக்கும் கூட்டுச் சீட்டு முறை அவர்களிடையேயும் இருந்தது. அஞ்சடியில் மேசை போட்டு அமர்ந்திருந்த கடிதம் எழுதுவோரிடம் சென்று ஊருக்கு மடல் எழுதச் சொல்லி, மடலோடு பணத்தையும் சேர்த்து அனுப்பும் கடைகளில் கொடுப்பர். அந்தப் பணத்தில் தம்பி மணம் முடித்தான். தம்பி மகன் பள்ளி சென்றான். பழைய வீட்டிற்கு ஓடு வேயப்பட்டது. அத்தையின் பெயர் அவ்வீட்டில் நிலைத்ததா என்பது வேறு செய்தி. முதுமையில் ஊர் திரும்பித் தாம் கட்டிய வீட்டிலேயே வேண்டா விருந்தினராய் நின்ற அமாக்களைப் பற்றிய குறிப்புகள் பல உள்ளன. அன்போடு ஏற்கப்பட்டோரும் உளர்.

ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவர்கள் மனமாரச் செலவிட்ட திருநாள் ஒன்றுண்டு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் ஏழு சகோதரியர் விழா அது. விண்ணரசனின் ஏழாம் மகளாகிய நெசவு மங்கை, மண்ணுலக மாடு மேய்ப்பவனைக் காதலித்துப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஓரிரவு மட்டும் அவனைக் காண்கிறாள் என்பது கதை. தையலுக்கும் நெசவுக்கும் அவளே தெய்வம். விழாவுக்கென்றே அமாக்கள் குழுக்கள் அமைத்து மாதந்தோறும் சந்தா செலுத்தினர். விரல் நீளமே உள்ள பூத்தையற் காலணிகள், எள்மணிகளை ஒட்டிச் செய்த பூவுருவங்கள், கிண்ணத்தில் முளைக்கவைத்த நெற்பயிர், காகிதத்தால் செய்த பெருந்தட்டு முதலியவற்றைப் படைத்துக் காட்சிக்கு வைப்பர். குழுவுக்குக் குழு போட்டி நடக்கும். சைனாடவுன் தெருக்கள் அவ்விரவில் திருவிழாக் கோலம் கொள்ளும். நள்ளிரவில் எடுத்து வைத்த நீர் ஆண்டு முழுவதும் கெடாது, மருந்தாகும் என்று நம்பினர்.

குவாங்தோங்கில் இவ்விழாவோடு இணைந்த ஒரு வழக்கம் உண்டு. அதுவரை தோழியரோடு விழாக் கொண்டாடிய பெண் மணமானால், மணமான பின் வரும் முதல் விழாவில் சகோதரித் தெய்வங்களுக்கு விடைபெறும் படையலைச் செய்து ஒதுங்கிவிட வேண்டும். நம் சங்கப் பாடல்களில் ஆயத்தை நீங்கும் தலைவியைப் போன்றவள் அவள். அமாக்கள் அந்த விடைபெறும் படையலை ஒருபோதும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தலை நரைத்த பின்னும் விழாவில் அவர்களுக்கு இடமிருந்தது.

நம்மவரின் தோழமைக் கூட்டங்களை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்க்குப் பயன்தரும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் இளைஞர் பலர் ஒரே கூடத்தில் பெட்டியை முன்வைத்துத் தொழில் செய்து, அங்கேயே உண்டு, அங்கேயே பாய் விரித்து உறங்கினர். தஞ்சோங் பகாரிலும் சிராங்கூன் சாலைப் பகுதியிலும் தமிழ்த் தொழிலாளர் பலர் சேர்ந்து அறை எடுத்துக் கூட்டாகச் சமைத்து உண்டனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்களுக்குமேல் இருந்தனர் என்றால், அக்கூட்டங்கள் எவ்வளவு பெரிய தேவையை நிறைவு செய்திருக்கும் என்பது விளங்கும். ஆனால், அவர்களுடைய மனம் ஊரில் இருந்தது. கிட்டங்கி வாழ்க்கை தவணைக் கணக்கில் அடங்கியது; தவணை முடிந்ததும் ஊர், ஊரில் மனைவி அல்லது மணப்பெண். அமாக்களுக்கோ அறையே ஊராயிற்று.

1938ஆம் ஆண்டு இரு சமூகத்தாருக்கும் திருப்பமான ஆண்டு. மே மாதத்தில் சீனப் பெண்களின் வருகைக்கும் அளவு விதிக்கப்பட்டது. சூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. ஒரே கோடையில் இரண்டு கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு அக்டோபரில் கந்தோன் நகரம் சப்பானியரிடம் வீழ்ந்தது. ஊருக்குத் திரும்ப எண்ணியிருந்த அமாக்களுக்கு அவ்வழியும் அடைபட்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஐரோப்பியக் குடும்பங்கள் சிறைமுகாம்களுக்குச் சென்றன. அவர்கள் வீட்டு அமாக்கள் பெட்டியோடு கொங்சி அறைக்கு வந்து சேர்ந்தனர். ஓய்வுநாளில் மட்டும் முறைவைத்து வந்தவர் பலரும் இப்போது ஒரே நேரத்தில் அங்கே தங்கினர். வருவாயும் இல்லை, அரிசியும் இல்லை. தெருவோரத்தில் தின்பண்டம் விற்றும், பழந்துணி தைத்தும், மரவள்ளிக்கிழங்கு நட்டும் மூன்றரை ஆண்டுகளை ஓட்டினர். உடன்பிறவாச் சகோதரியர் என்று வாயால் சொன்னது மெய்யா என்பது அந்த ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது.

போருக்குப் பின் அமாக்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால், அவர்களுடைய தோழமையில் முதலிலிருந்தே ஒரு குறை மறைந்திருந்தது. அது மெல்ல வெளிப்படலாயிற்று. குடும்பத்தில் பாட்டியும் பேத்தியும் ஒரு கூரையின்கீழ் இருப்பர். ஒருவர் தளரும்போது மற்றவர் வளர்வர். தோழியர் எல்லாரும் ஒத்த வயதினர். இருபது வயதில் அது வலிமை; அறுபது வயதில் அதுவே மெலிவு. ஒருத்திக்கு முழங்கால் வலி வரும்போது மற்றவளுக்குக் கண்புரை வருகிறது. புதிய பெண்கள் ஆண்டுதோறும் கப்பலில் வந்துகொண்டிருந்தால் இக்குறை தெரிந்திராது. 1938க்குப் பின் வரவு சுருங்கியது. 1949இல் சீனத்தில் ஆட்சி மாறியது. மறு ஆண்டே புதிய திருமணச் சட்டம் வந்து பெற்றோர் வற்புறுத்தி மணமுடிக்கும் முறையைத் தடை செய்தது. சோர் ஹேய் செய்துகொள்ளும் காரணமே அங்கு மெலிந்தது. ஆயத்திற்கு இளையவர் வரவில்லை.

அமாக்கள் இதனை உணராதவர் அல்லர். சிலர் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். பிறர் பிள்ளைகளை வளர்த்த கூலியில் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினர். சிலர் 'சாய் தோங்' எனப்படும் சைவ இல்லங்களில் முன்பணம் செலுத்தி முதுமைக்கு இடம் பிடித்தனர். சிங்கப்பூர் ரேஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் பணியாற்றிய மார்ஜோரி டாப்லி என்னும் மானிடவியல் அறிஞர் அவ்வில்லங்களைப் பற்றி 1954இல் எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது. நோயுற்ற பலருக்குச் சிராங்கூன் சாலையிலுள்ள குவோங் வாய் சியு மருத்துவமனை புகலிடமாயிற்று. கண்டோனீய மக்களின் நன்கொடையால் 1910இல் நிறுவப்பட்டது அது. இடுகாட்டுச் செலவுக்கென்று தனிச் சங்கங்களில் மாதந்தோறும் பணம் கட்டியவரும் பலர். வாடகை அறையில் சாவு நிகழ்வதை வீட்டுக்காரர் விரும்பார் ஆதலின், இறுதி நாள்களில் சேகோ சந்தின் சாவு இல்லங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டோரும் உளர். அவ்வில்லங்கள் 1961இல் தடை செய்யப்பட்டன. அங்கே கீழ்த்தளத்தில் ஈமச்சடங்கும் மேல்தளத்தில் சாவை எதிர்நோக்கிய படுக்கைகளும் இருந்தன என்று படிக்கும்போது நெஞ்சம் நடுங்குகிறது. எனினும், அங்கும் படுக்கையருகே வந்து அமர்ந்தவர்கள் கொங்சி அறைத் தோழியரே.

1960களிலும் 70களிலும் தொழிற்சாலைகள் பெருகின. சீனக் குடும்பத்து இளம்பெண்கள் மின்னணுப் பொருள் ஆலைகளில் வரிசையாக அமர்ந்தனர். அவர்களுக்கும் தோழியர் இருந்தனர், கூலியும் இருந்தது, ஆனால் கொண்டையிட்டு உறுதி கூற வேண்டிய தேவை இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையில் சிங்கப்பூர் அரசாங்கம் 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களை அனுமதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கடைசி அமாக்கள் அந்த ஆண்டுகளில் வேலையிலிருந்து ஓய்ந்தனர். சைனாடவுன் கடைவீட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தனர். ஏழு சகோதரியர் விழாவும் தெருவிலிருந்து மறைந்தது.

சுண் தாக் மாவட்டத்தில் ஜுன் ஆன் என்னும் ஊரில் 'பிங் யூ தாங்' என்னும் இல்லம் ஒன்று இன்றும் உள்ளது. பனிக்கட்டியையும் பச்சைக்கல்லையும் போன்று மாசற்றவர் வாழும் மனை என்பது பெயரின் கருத்து. அவ்வூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அமாக்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்து அனுப்பிய பணத்தால் 1950ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. ஊர் திரும்பும் தோழியர் சேர்ந்து வாழவும், இறந்தபின் பெயர்ப் பலகை வைக்கவும் அதில் இடம் அமைத்தனர். இப்போது அது அருங்காட்சியகமாக விளங்குகிறது. மாடத்தில் பெயர்ப் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உயிரோடிருக்கும்போதே தமக்குரிய இடத்திற்குப் பணம் செலுத்திப் பெயரைப் பொறித்துவைப்பது அவர்கள் வழக்கம். பெயருக்குரியவள் வாழும்வரை அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அவள் மறைந்ததும், எஞ்சியிருக்கும் தோழியருள் ஒருத்தி வந்து அத்தாளை உரித்து ஊதுபத்தி ஏற்றுவாள்.